மலைநாட்டு வேலைக்கு மினி எக்ஸ்கவேட்டர், பெக்கோ கபின் ஹீட்டர்: தெரிவு முதல் பூட்டுவது வரை முழுமையான வழிகாட்டி

நுவரெலியா, கந்தப்பளை, அம்பேவெல, பட்டிப்பொல பக்கம் மார்கழி, தை மாதங்களில் விடிகாலையில் மெஷினை ஸ்டார்ட் செய்யும் ஓப்பரேட்டருக்கு இரண்டு தொல்லைகள். ஒன்று, கை விறைத்து லீவர் பிடிபடாமல் போவது. மற்றது, முன் கண்ணாடியில் ஆவி பிடிப்பது. முதலாவதைக் கையுறையால் ஓரளவு சமாளிக்கலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலானோர் செய்வது பழந்துணியால் துடைப்பதும் கதவைத் திறந்து வைத்து நனைவதும்தான். றம்பொடை பக்கம் வீதியில் மண் சரிந்து கிடக்கிறது, மழை விடவில்லை, இருட்டு. பக்கட்டுக்குப் பக்கத்தில் ஆள் நிற்கிறாரா என்றே தெரியாத கண்ணாடிக்குப் பின்னால் இருந்து அந்த வேலையைச் செய்யக்கூடாது.

வெளிநாட்டுக் கட்டலொக்குகள் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை குளிரை மனதில் வைத்து எழுதப்பட்டவை. நம் நிலைமை வேறு. நுவரெலியா நகரம் 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. ஆண்டுச் சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில். ஜனவரி, பெப்ரவரியில் தெளிந்த வானமுள்ள சில இரவுகளில் மட்டும் பூச்சியத்தை நெருங்கி, புல்லிலும் தேயிலையிலும் துகள் பனி விழும். ஆனால் ஈரம் வருடம் முழுவதும் உண்டு. ஆகவே இங்கே ஹீட்டரிடம் எதிர்பார்க்க வேண்டியது கண்ணாடியை உலர வைக்கும் காற்றோட்டம். உடம்புக்கான சூடு அதோடு சேர்ந்து வந்துவிடும். இந்த வரிசையை மாற்றிப் பிடித்தவர்கள்தான் 8 கிலோவொட் பெட்டியை வாங்கிப் பூட்டிவிட்டு, இன்னும் துணியால் துடைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

வாங்கப் போவதற்கு முன்: இருப்பதைப் பாருங்கள்

ஜப்பானிலிருந்து றீகண்டிஷனாக வரும் மினி எக்ஸ்கவேட்டர்களில் மூடிய கபின் உள்ளவை பலவற்றில் ஹீட்டர் ஏற்கனவே இருக்கும். அது வேலை செய்யாமல் கிடப்பதற்குக் காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: எப்போதோ ஹீட்டர் கோர் (எஞ்சினின் சூட்டுத் தண்ணீர் ஓடும் சின்ன ரேடியேட்டர்) ஒழுகியது, அதை மாற்றாமல் இரண்டு ஹோஸ்களையும் எஞ்சினருகிலேயே ஒன்றோடொன்று வளைத்துப் பூட்டிவிட்டார்கள். சீட்டைக் கழற்றி, பின் மூடியைத் திறந்து பாருங்கள். விரல் தடிப்பில் இரண்டு குழாய் முனைகள் வெறுமையாக நின்றால் உங்களிடம் ஹீட்டர் இருக்கிறது. தேவை ஒரு கோரும் இரண்டு ஹோஸும் மட்டுமே.

அடுத்து தெர்மோஸ்டாட், அதாவது எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்குப் போகவிடாத வால்வு. மெஷின் சூடாகிறது என்று சொன்னவுடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசும் பழக்கம் நம் கராஜ்களில் ஊறிப்போனது. கீழ்நாட்டு வெயிலில் அது பெரிதாகத் தெரியாது. 1,800 மீற்றரில் தெர்மோஸ்டாட் இல்லாத எஞ்சின் காலை முழுவதும் 50 பாகையைத் தாண்டாமல் ஓடும். ஹீட்டரில் வெதுவெதுப்பான காற்றுதான் வரும், டீசலும் கூடுதலாகச் செலவாகும், சிலிண்டரும் சீக்கிரம் தேயும். ஹவுசிங்கைத் திறந்து பார்த்து, இல்லையென்றால் போடுங்கள். திறக்கும் வெப்பநிலை அதன் உடம்பிலேயே பொறிக்கப்பட்டிருக்கும். 71 அல்லது 82 பாகை என்பவை வழக்கமானவை. எஞ்சினுக்குரியதையே வாங்குங்கள். சந்தேகமானால் தண்ணீர்ப் பாத்திரத்தில் போட்டு அடுப்பில் வைத்து, எத்தனை பாகையில் திறக்கிறது என்று தெர்மோமீற்றரால் பாருங்கள்.

மூன்றாவது, ஏ.சி. உள்ள கபின். ஏ.சி. இருந்தால் நீங்கள் அதிர்ஷ்டசாலி. குளிர்ச்சுருளில் காற்றின் ஈரம் தண்ணீராகக் கொட்டிவிடும். அதே காற்றை ஹீட்டர் கோர் சூடாக்கிக் கண்ணாடிக்கு அனுப்பும். ஏ.சி.யையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டால் ஆவி பிடித்த கண்ணாடி ஓரிரு நிமிடத்தில் தெளியும். "குளிரில் எதற்கு ஏ.சி.?" என்று கேட்டு பெல்ட்டைக் கழற்றி வைத்திருக்கும் மெஷின்கள் நிறைய. பெல்ட்டைத் திரும்பப் போடுங்கள். ஆனால் குளிர்ச்சுருள் பூச்சியத்தை நெருங்கினால் ஏ.சி. தானாக நின்றுவிடும் என்பதால், துகள் பனி விழும் காலையில் ஹீட்டரை மட்டும் நம்ப வேண்டியிருக்கும்.

கபினே இல்லாமல் மேல்கூரை மட்டும் உள்ள மெஷினுக்கு ஹீட்டர் வாங்குவது காசைக் காற்றில் விடுவது. முதலில் மழைத்திரையோ கதவோ போட்டு மூடும் வழியைப் பாருங்கள். பொப்கட்டுக்கும் (சிறிய ஸ்கிட் ஸ்டியர் லோடர்) இதுவே: முன் கதவு இல்லாத பொப்கட்டில் எந்த ஹீட்டரும் எடுபடாது.

எவ்வளவு சூடு தேவை

மூன்று நான்கு தொன் மினி எக்ஸ்கவேட்டர் கபினை எடுத்துக்கொள்வோம். கண்ணாடி ஏறத்தாழ 3 சதுர மீற்றர், தகரம் 5 சதுர மீற்றர். ஒற்றைக் கண்ணாடியும் வெறும் தகரமும் ஒரு சதுர மீற்றருக்கு, ஒரு பாகை வித்தியாசத்துக்கு, 5.5 முதல் 6 வொட் வரை சூட்டை வெளியே விடும். வெளியே 5 பாகை, உள்ளே 20 பாகை என்றால் வித்தியாசம் 15. 8 × 5.8 × 15 போட்டால் ஏறத்தாழ 700 வொட். மணிக்கு 50 கன மீற்றர் புதுக்காற்றை உள்ளே எடுத்துச் சூடாக்க இந்த உயரத்தில் இன்னும் 200 வொட். மொத்தம் 900.

இது ரப்பர் பீடிங் எல்லாம் ஒழுங்காக இருக்கும் கபினின் கணக்கு. பழைய மெஷினில் கதவு விளிம்பால் காற்று வரும், லீவர் அடியிலும் பெடல் அடியிலும் ஓட்டை இருக்கும். இரண்டால் பெருக்கி 1.8 கிலோவொட் என்று வையுங்கள். ஆக, மினி எக்ஸ்கவேட்டருக்கு 2 கிலோவொட் போதும். பெக்கோவின் கபினுக்குக் கண்ணாடி நாலு பக்கமும் உண்டு, மொத்த மேற்பரப்பும் ஏறத்தாழ இரட்டிப்பு. அதற்கு 3 முதல் 4 கிலோவொட்.

சில பெட்டிகளில் பிடியூ கணக்கில் எழுதியிருக்கும். 1 கிலோவொட் என்பது மணிக்கு 3,412 பிடியூ. 12,000 பிடியூ என்றால் 3.5 கிலோவொட்.

கூலன்ட் ஹீட்டர், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீரின் சூட்டில் வேலை செய்வது, வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. பெட்டியில் எழுதியிருக்கும் அளவு, நல்ல சூட்டில் வேகமாக ஓடும் தண்ணீரை வைத்து அளந்தது. சின்ன எஞ்சின் ஐட்லிங்கில் ஓடும்போது அதில் பாதிதான் கிடைக்கும். ஆகவே 2 கிலோவொட் வேண்டுமானால் 4 கிலோவொட் என்று எழுதியதை எடுங்கள். டீசலில் எரியும் ஹீட்டருக்கு இது நேரெதிர்: பெரிதாக வாங்கினால் அது எந்நேரமும் மிகக் குறைந்த அளவில் எரிந்து, உள்ளே கரி பிடித்து, ஒரு பருவத்திலேயே அடைத்துக்கொள்ளும்.

கதவு ஓட்டைகளை அடைப்பது எந்த ஹீட்டரையும் விட மலிவு. பீடிங் மாற்றுவதும், தரையில் ரப்பர் விரிப்பதும், லீவர் அடியில் கிழிந்த ரப்பர் உறையை மாற்றுவதும் அரை நாள் வேலை. இதை முதலில் முடியுங்கள்.

எந்த வகை

மூன்று வகை கிடைக்கிறது. மூன்றாவதை முதலிலேயே ஒதுக்கிவிடலாம்: சிகரெட் லைட்டரில் குத்தும் 12 வோல்ட் மின்சார ஹீட்டர். அது 150 வொட். மேலே சொன்ன கணக்கோடு ஒப்பிட்டால் அது எதற்கும் போதாது என்பது புரியும். பெரிய மின்சார ஹீட்டருக்கு மினி மெஷினின் ஒல்டர்னேட்டர் ஈடுகொடுக்காது. 40 அம்பியர் ஒல்டர்னேட்டரின் முழு உற்பத்தியே 550 வொட் அளவுதான். முன் கண்ணாடியின் ஒரு மூலையைத் தெளிவாக வைக்க மட்டும் வேண்டுமென்றால் சரி.

கூலன்ட் ஹீட்டர்தான் பெரும்பாலானோருக்கு ஏற்றது. எஞ்சினில் எரியும் டீசலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சூடு தண்ணீர் வழியாக ரேடியேட்டருக்குப் போய் வீணாகிறது. அதில் கொஞ்சத்தைக் கபினுக்குள் திருப்பிவிடுகிறோம். எரிபொருள் செலவு இல்லை, தீ இல்லை, புகை இல்லை. குறை என்னவென்றால் எஞ்சின் சூடாகும் வரை காத்திருக்க வேண்டும். காலையில் 10 முதல் 15 நிமிடம்.

புதுசு வாங்க வசதியில்லையென்றால் ஒரு நல்ல வழி இருக்கிறது. ஜப்பானிலிருந்து வந்த வான்கள் சிலவற்றில் பின் சீட் ஆட்களுக்கென்று தனி ஹீட்டர் பெட்டி இருக்கும்: கோரும் மோட்டாரும் ஒரே கூட்டில், 12 வோல்ட், இரண்டு குழாய் முனைகளோடு. பஞ்சிகாவத்தை போன்ற இடங்களில் பிரித்த சாமான்களுக்குள் தேடலாம். வாங்கும் இடத்திலேயே இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு முனையை அடைத்து மறுமுனையில் 1 பார் காற்று கொடுத்து வாளித் தண்ணீரில் அமிழ்த்துங்கள்; குமிழி வந்தால் வைத்துவிட்டு வாருங்கள். பிறகு தண்ணீர்க் குழாயை ஒரு பக்கம் பிடித்து, மறுபக்கம் தடையில்லாமல் பாய்கிறதா என்று இரு திசையிலும் பாருங்கள். செந்துரு கட்டியாக வந்தால் அதுவும் வேண்டாம்.

டீசல் ஏர் ஹீட்டர் எஞ்சின் ஓடாமலே எரியும். 2 கிலோவொட் ஹீட்டர் மணிக்கு 0.1 முதல் 0.25 லீற்றர் டீசல் குடிக்கும். சின்ன எஞ்சினை ஐட்லிங்கில் வைத்தாலோ அரை லீற்றரிலிருந்து ஒரு லீற்றர் வரை போகும். இரவு வேலை, நீண்ட காத்திருப்பு, காலை ஐந்தரைக்கே கண்ணாடி தெளிவாக இருக்க வேண்டிய வீதி வேலை, இவற்றுக்கு இதுதான் பொருந்தும். காற்றால் குளிரும் எஞ்சின் உள்ள சிறிய றோலர் போன்றவற்றுக்கும் வேறு வழியில்லை. ஆனால் பூட்டுவதில் தவறினால் ஆளைக் கொல்லக்கூடியது. அதோடு நம் உயரத்தில் அதற்கென்று ஒரு தனிச் சிக்கல் உண்டு.

தகர டின்னில் கரி போட்டுக் கபினுக்குள் வைப்பதும், காஸ் அடுப்பை ஏற்றி வைப்பதும் ஹீட்டர் வகையில் சேராது. காபன் மொனொக்சைட்டுக்கு மணமில்லை, நிறமில்லை. மூடிய கபினில் தூக்கம் வருவதுபோலத்தான் இருக்கும்.

உயரம் செய்யும் வேலை

ஹற்றன் ஏறத்தாழ 1,270 மீற்றர், பட்டிப்பொல புகையிரத நிலையம் 1,891 மீற்றர். 1,900 மீற்றரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தை விட ஏறத்தாழ 17 சதவீதம் குறைவு. டீசல் ஹீட்டரின் பம்ப் அளந்து தள்ளும் டீசலின் அளவு மாறுவதில்லை, உள்ளே வரும் ஒட்சிசன் மட்டும் குறைகிறது. விளைவு: கறுப்புப் புகை, எரியறையில் கரி, ஸ்டார்ட் ஆகாமல் போவது. ஐரோப்பிய ஹீட்டர்களின் கையேடுகள் பொதுவாக 1,500 மீற்றருக்கு மேல் நிரந்தரமாகப் பாவிப்பதென்றால் உயரத்துக்கேற்ற மாற்றம் வேண்டும் என்கின்றன.

ஆகவே ஹற்றனிலோ தலவாக்கலையிலோ ஓடும் மெஷினுக்குச் சாதாரண மாடல் போதும். நுவரெலியாவிலோ அதற்கு மேலேயோ என்றால், உயரத்தைத் தானாக உணர்ந்து சரிசெய்யும் மாடலை வாங்குங்கள். மலிவான சீனத் தயாரிப்பு என்றால் கன்ட்ரோலரில் பம்ப் வேகத்தை மாற்ற முடிகிறதா என்று கடையிலேயே கேளுங்கள். பம்பின் அதிகபட்ச வேகம் செக்கனுக்கு 5 தட்டு என்று வந்திருந்தால் 4.2 அளவுக்குக் குறைப்பது சரியான தொடக்கம். சூடும் அதே விகிதத்தில் குறையும் என்பதைக் கணக்கில் எடுங்கள். வாரத்துக்கொரு முறை 20 நிமிடம் முழு வேகத்தில் எரியவிட்டால் சேர்ந்த கரி கழன்றுவிடும். இந்தச் சீன ஹீட்டர்களில் 5 கிலோவொட் என்றும் 8 கிலோவொட் என்றும் எழுதிய பெட்டிகள் பலவற்றின் உள்ளே இருப்பது ஒரே சாமான் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கூலன்ட் ஹீட்டருக்கும் உயரம் தொடர்புண்டு. இங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கும். ரேடியேட்டர் மூடி 0.9 பார் அழுத்தத்தைப் பிடித்து வைத்திருந்தால் அது 115 பாகை வரை தள்ளிப்போகும். மூடியின் ரப்பர் செத்துப்போயிருந்தால் ஏற்றத்தில் கொதித்து, குமிழிகள் ஹீட்டர் கோரில் போய்ச் சேரும். அப்போது காற்று ஒரு நேரம் சூடாகவும் ஒரு நேரம் குளிராகவும் வரும். பலர் கோரைக் கழற்றிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாற்ற வேண்டியது மூடியை.

கரண்ட் கணக்கு

முதலில் மெஷின் 12 வோல்ட்டா 24 வோல்ட்டா என்று பாருங்கள். மினி மெஷின்கள் பெரும்பாலும் 12. ஆறு தொன்னுக்கு மேற்பட்ட ஜப்பானிய எக்ஸ்கவேட்டர்கள் பலவற்றில் இரண்டு பெட்டரி தொடராகப் பூட்டி 24 இருக்கும். 24 வோல்ட் மெஷினில் ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்து மோட்டாரை ஓட்டாதீர்கள். ஒன்று எப்போதும் பசியோடும் மற்றது அளவுக்கு மிஞ்சிச் சார்ஜாகியும் இரண்டும் சீக்கிரம் போய்விடும்.

ஹீட்டர் ஃபேன் 5 முதல் 10 அம்பியர் இழுக்கும். 55 வொட் ஹெலஜன் லைட் நாலு எரிந்தாலே 16 அம்பியர் போய்விடுகிறது. இரவு வேலை செய்யும் மெஷினில் லைட்டுகளை எல்.ஈ.டி.க்கு மாற்றினால் ஹீட்டருக்கு இடம் கிடைக்கும். வயர் 2.5 சதுர மில்லிமீற்றர் போடுங்கள். 4 மீற்றர் தூரத்துக்கு 8 அம்பியர் இழுத்தால் போக வரச் சேர்த்து அரை வோல்ட்டுக்குள் இழப்பு நிற்கும். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் அதுவே 1 வோல்ட்டைத் தாண்டும், ஃபேன் சோம்பிச் சுற்றும். 15 அம்பியர் பியூஸ் பெட்டரிக்கு அருகில் இருக்க வேண்டும், ஸ்விட்ச்சுக்கு அருகில் அல்ல. சாவி போட்டால் மட்டும் வேலை செய்யும்படி ரிலே ஒன்று வையுங்கள்.

டீசல் ஹீட்டருக்கு இது பொருந்தாது. அதை நேரடியாகப் பெட்டரியிலிருந்து எடுக்க வேண்டும், ஏனென்றால் நிறுத்திய பிறகும் சில நிமிடம் ஃபேன் ஓடித் தன்னைக் குளிர்விக்கும். அதற்கு முன் மெயின் ஸ்விட்ச்சைக் கழற்றினால் உள்ளே சூடு அடைபட்டு எலெக்ட்ரோனிக்ஸ் வெந்துபோகும். ஸ்டார்ட் ஆகும்போது 10 அம்பியர் அளவில் இழுக்கும், எரியத் தொடங்கியதும் 1 முதல் 3 அம்பியருக்கு இறங்கிவிடும். பெட்டரி பலவீனமாக இருந்தால் ஸ்டார்ட்டிலேயே மறுத்துவிடும்.

கூலன்ட் ஹீட்டர் பூட்டுவது

எஞ்சின் ஆறிய பிறகு, மெயின் ஸ்விட்ச்சை நிறுத்திவிட்டு, கூலன்ட்டைச் சுத்தமான வாளியில் இறக்குங்கள். துரு நிறத்தில் வந்தால் தெளிந்த தண்ணீர் வரும் வரை எஞ்சினைக் கழுவாமல் புது கோரைப் பூட்டாதீர்கள். அந்தத் துரு முழுவதும் கோரின் மெல்லிய குழாய்களில்தான் போய்த் தங்கும்.

பெட்டியை வைக்கும் இடம் சீட்டுக்குப் பின்னால் அல்லது அடியில். ரேடியேட்டரின் மேல்மட்டத்துக்குக் கீழே கோர் இருக்க வேண்டும், இல்லையேல் காற்று அடைத்துக்கொள்ளும். கபினின் தூண்களிலும் கூரைச் சட்டத்திலும் துளை போடுவதோ வெல்டிங் செய்வதோ கூடாது. மெஷின் புரண்டால் ஓப்பரேட்டரைக் காப்பது அந்தச் சட்டம்தான். சரிவில் வேலை செய்யும் நமக்கு அதைவிட முக்கியமானது கபினில் ஒன்றுமில்லை. தரைத் தகட்டிலோ சீட் தாங்கியிலோ இருக்கும் போல்ட் துளைகளைப் பயன்படுத்திப் பூட்டுங்கள்.

சூட்டுத் தண்ணீரை எடுக்க வேண்டிய இடம் சிலிண்டர் ஹெட் அல்லது தெர்மோஸ்டாட் ஹவுசிங், தெர்மோஸ்டாட்டுக்கு முன்பக்கம். திரும்பிச் சேர வேண்டிய இடம் வோட்டர் பம்ப் உறிஞ்சும் பக்கம். பல எஞ்சின்களில் இதற்கென்றே பிளக் போட்டு மூடிய துளைகள் இருக்கும். இரண்டு முனையையும் ஒரே ரேடியேட்டர் ஹோஸில் எடுத்தால் அழுத்த வித்தியாசம் இல்லாமல் தண்ணீர் ஓடாது.

துளைகளின் திருகு இழையைக் கவனியுங்கள். ஜப்பானிய எஞ்சின் துளைகளில் இருப்பது பிரிட்டிஷ் வகைக் கூம்பு இழை. அமெரிக்கக் கிட்டில் வரும் நிப்பிள் வேறு வகை. 3/8 அளவில் ஒன்றுக்கு அங்குலத்துக்கு 19 இழை, மற்றதற்கு 18. இரண்டு சுற்று நன்றாகப் போவதுபோல் போய் இறுகும். பலம் கொடுத்தால் ஹெட்டே வெடிக்கும்.

ஹோஸ் 16 மில்லிமீற்றர் உள்விட்டம், ஹீட்டர் ஹோஸ் என்றே கேட்டு வாங்குங்கள். தோட்டத்துக் குழாயும் எரிபொருள் ஹோஸும் சூட்டில் ஊதிப்போகும். எஞ்சின் பக்கத்தில் இரண்டு முனையிலும் வால்வு ஒவ்வொன்று வையுங்கள்: கோர் ஒழுகினால் வேலையிடத்திலேயே மூடிவிட்டு மெஷினை ஓட்டலாம். வெயில் ஏறிய பிறகு கண்ணாடிக் கபின் தானே சூடாகும் என்பதால் தினமும் மூடவும் உதவும். தகடு ஊடாகப் போகும் இடத்தில் ரப்பர் வளையம், 30 சென்ரிமீற்றருக்கு ஒரு கிளிப், சைலன்சரிலிருந்து ஒரு கை நீளமாவது விலகல். எக்ஸ்கவேட்டரில் கபினும் எஞ்சினும் ஒன்றாகவே சுற்றுவதால் சுழல் மையம் பற்றிக் கவலையில்லை. பொப்கட் போல் கபினைத் தூக்கித் திறக்கும் மெஷினில் மட்டும், முழுதாகத் தூக்கிய நிலையில் ஹோஸ் இழுபடாத நீளத்துக்கு வெட்டுங்கள்.

நிரப்பும்போது, பழைய அளவைவிட 1 முதல் 1.5 லீற்றர் கூடுதலாகப் போகும். கூலன்ட் மூன்றில் ஒரு பங்காவது, மிகுதி வடித்த தண்ணீர். துகள் பனிக்கு அதுவே தாராளம். உண்மையில் கூலன்ட் வேண்டியது துருவைத் தடுக்கத்தான். பீலித் தண்ணீர் கண்ணுக்குத் தெளிவாக இருந்தாலும் துருவைத் தடுக்காது. காற்றை வெளியேற்ற மெஷினை ரேடியேட்டர் பக்கம் மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்துங்கள். அதற்கு இடம் தேடி அலைய வேண்டியதில்லை. ஹீட்டர் வால்வைத் திறந்து, மூடியைத் திறந்தபடி ஐட்லிங்கில் ஓடவிட்டு, மட்டம் இறங்க இறங்க ஊற்றி, குமிழி நின்றதும் மூடுங்கள்.

டீசல் ஹீட்டர் பூட்டுவதில் தவறக்கூடாதவை

எரிவதற்கான காற்றும் புகையும் இரண்டும் கபினுக்கு வெளியே. தரைத் தகட்டில் ஹீட்டர் உட்காரும் இடத்தில் கஸ்கட் ஒழுங்காக அமர வேண்டும். புகைக்குழாய் ஹைட்ரோலிக் ஹோஸ், வயர், டீசல் குழாய் எதற்கும் அருகில் போகக்கூடாது. வாய் கீழ்நோக்கியும், கபினின் காற்று உள்வாங்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்திலும் இருக்கட்டும். மெஷின் கழுவும்போது அதற்குள் தண்ணீர் அடிக்காதீர்கள். குழாயில் தாழ்வான வளைவு தவிர்க்க முடியாததென்றால் அந்த இடத்தில் சிறு துளை போடுங்கள், நீர் தேங்காது.

பம்பின் வெளியேறும் முனை மேல்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். படுக்கையாக வைத்தால் காற்றுக்குமிழி சிக்கி, எரிவதும் அணைவதுமாக இருக்கும். டீசல் குழாய் இணைப்புகளில் இரு முனையும் ஒன்றையொன்று தொட்டபடி இருந்தால் குமிழி தங்க இடமில்லை. 2022 தட்டுப்பாட்டுக்குப் பிறகு கேன்களில் டீசல் சேர்த்து வைக்கும் பழக்கம் பலருக்குப் போகவில்லை. அந்த டீசலில் தண்ணீர் இருக்கும். ஹீட்டருக்குத் தனி ஃபில்டர் போடுங்கள். டீசல் அடிக்கும்போது ஹீட்டர் அணைந்திருக்க வேண்டும், உள்ளே இருப்பது நிஜத் தீ. கபினில் பெட்டரியில் ஓடும் காபன் மொனொக்சைட் அலாரம் ஒன்றும் கட்டாயம்.

காற்றை எங்கே விடுவது

மேலே சொன்ன எல்லாம் சரியாகச் செய்தும் கண்ணாடி தெளியாவிட்டால் காரணம் இங்கேதான். பெரும்பாலான யூனிவர்சல் பெட்டிகள் கபினுக்குள் இருக்கும் காற்றையே இழுத்துச் சூடாக்கித் திரும்ப விடுகின்றன. லேசான வேலை செய்யும் ஓர் ஆள் மூச்சாலும் தோலாலும் மணிக்கு 40, 50 கிராம் நீரைக் காற்றில் கலக்கிறார். நனைந்த சட்டை, சேற்று பூட்ஸ் அதற்கு மேல். அந்த ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளிக்குளிரில் இருக்கும் கண்ணாடியில் போய்ப் படியும். சூடு கூடக் கூட ஆவியும் கூடும்.

வெளிக்காற்றை எடுங்கள். பனிமூட்டத்தில் 8 பாகையில் இருக்கும் காற்று முழுதாக ஈரம் நிறைந்ததுதான், ஆனால் அந்த அளவு ஈரம் ஒரு கன மீற்றருக்கு 8 கிராம் மட்டுமே. அதை 25 பாகைக்குச் சூடாக்கினால் 23 கிராம் வரை தாங்கும். அதாவது மூடுபனியைச் சூடாக்கினாலே மூன்றில் ஒரு பங்கு ஈரம் மட்டும் கொண்ட, தாகமெடுத்த காற்று கிடைக்கிறது. கபின் பின்சுவரில் ஃபில்டரோடு 50 மில்லிமீற்றர் துளை ஒன்று, சைலன்சருக்கு எதிர்ப்பக்கம், அதிலிருந்து ஹீட்டரின் உறிஞ்சும் வாய்க்குக் குழாய். உள்ளே வந்த காற்று வெளியேறவும் வழி வேண்டும்: பக்கக் கண்ணாடியை ஒரு விரல் அளவு திறந்து விடுங்கள்.

வெளியேறும் காற்றில் பாதிக்கு மேல் முன் கண்ணாடியின் கீழ் விளிம்புக்குப் போகட்டும், தட்டையான வாய் வைத்து, கண்ணாடியோடு ஒட்டி மேலே ஏறும்படி. ஒரு பங்கு காலுக்கு, ஒரு சிறு பங்கு பூம் பக்கக் கண்ணாடிக்கு. முகத்துக்கு நேரே விடாதீர்கள், தூக்கம் வரும். குழாய் வளைவுகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. மழைக்கோட்டைக் கபினுக்குள் தொங்கவிடாமல் இருந்தாலே பாதி வேலை மிச்சம். கண்ணாடியின் உட்புறத்தை வாரத்துக்கொரு முறை சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். எண்ணெய்ப் படலம் உள்ள கண்ணாடியில் ஆவி சீக்கிரம் பிடிக்கும்.

ஓடவிட்டுப் பார்ப்பதும் கோளாறுகளும்

எஞ்சின் சூடாகி 15 நிமிடத்தில் இரண்டு ஹோஸையும் தொட்டுப் பாருங்கள். இரண்டும் சூடாக, திரும்பும் ஹோஸ் சற்றே குறைவாக இருந்தால் சரி. கூலன்ட் 80 பாகையில் இருக்கும்போது வாயில் வரும் காற்று 45 முதல் 55 பாகை காட்ட வேண்டும்.

ஒரு ஹோஸ் சூடு, மற்றது பச்சைத் தண்ணீர்போல் குளிர் என்றால் வால்வு மூடியிருக்கிறது, அல்லது காற்று அடைத்திருக்கிறது, அல்லது கோர் அடைப்பு. அந்த வரிசையிலேயே பாருங்கள். இரண்டும் வெதுவெதுப்பு என்றால் தெர்மோஸ்டாட். இரண்டும் நல்ல சூடு, காற்று மட்டும் குறைவு என்றால் ஃபில்டர் அல்லது ஃபேன் வயர். தோட்டப் பாதைத் தூசியில் ஓடும் மெஷினுக்கு ஃபில்டரை வாரத்துக்கொருமுறை தட்டிச் சுத்தம் செய்ய வேண்டும்.

கண்ணாடியில் துடைத்தாலும் போகாத பிசுபிசுப்பான படலமும் இனிப்பான மணமும் வந்தால் கோர் ஒழுகுகிறது; அதைக் காற்றோடு சேர்த்துச் சுவாசிக்கிறீர்கள், உடனே வால்வுகளை மூடுங்கள். ஹீட்டர் பூட்டிய பிறகு எஞ்சின் சூடேறத் தொடங்கினால் ஹீட்டர் குற்றவாளியல்ல. காற்று முழுதாக வெளியேறவில்லை, சரிவில் நிறுத்தி மீண்டும் செய்யுங்கள்.

டீசல் ஹீட்டரில் வெள்ளைப் புகை என்றால் டீசல் வருகிறது, எரியவில்லை: குளோ பிளக் (டீசலைப் பற்றவைக்கும் பிளக்) அல்லது குறைந்த வோல்ட். கறுப்புப் புகை என்றால் காற்று போதவில்லை: உறிஞ்சும் குழாயில் குளவிக்கூடோ சேறோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பம்ப் வேகத்தைக் குறையுங்கள். புகையே இல்லாமல் ஸ்டார்ட் ஆக மறுத்தால் டீசல் வந்து சேரவில்லை: ஃபில்டரில் தண்ணீர், பிறகு பம்ப்.

மார்ச்சுக்குப் பிறகு ஹீட்டரை மறந்துவிட்டு டிசம்பரில் தேடுவதுதான் வழக்கம். மாதத்துக்கொரு முறை வால்வைத் திறந்து கூலன்ட்டை ஓடவிடுங்கள், டீசல் ஹீட்டரை 20 நிமிடம் எரியவிடுங்கள். பம்பும் வால்வும் இறுகிப்போகாது.